ருயிருவின் வாக்கும் லாமு கிழக்கின் வாக்கும்

நைரோபியிலிருந்து வடகிழக்காகச் செல்லும் திக்கா சாலையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவன் நான். கென்யக் குடிமகன் இல்லையாதலால் இந்நாட்டில் எனக்கு வாக்குரிமை கிடையாது. ஆனாலும் அந்தச் சாலையோரத்தில் கண்முன்னே வளர்ந்துகொண்டிருக்கும் ஊர்களைப் பார்த்துத்தான் இந்நாட்டின் நாடாளுமன்றத் தொகுதிகள் எப்படி வகுக்கப்பட்டன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். எட்டு வழிச் சாலையாக விரிவாக்கப்பட்ட அந்தப் பாதையை அன்றைய குடியரசுத் தலைவர் ம்வாய் கிபாகி 2012 நவம்பரில் திறந்துவைத்தார். இப்போது நடைமுறையில் இருக்கும் தொகுதி எல்லைகள் அதே ஆண்டு மார்ச் மாதம், 2009ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து அரசிதழில் வெளியானவை. அதாவது சாலை வருவதற்கு முன்பிருந்த ஊரைக் கணக்கில் கொண்டு எல்லை போட்டார்கள். சாலை வந்தபின் ஊர் வேறாகிவிட்டது. ருயிருவில் காப்பித் தோட்டங்கள் மனைகளாயின. ஒற்றை அறை வீடுகளை அடுக்கடுக்காகக் கொண்ட ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. மொட்டை மாடியெங்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். விடியற்காலையில் நகரத்துக்குப் போகும் மட்டாட்டு என்னும் சிற்றுந்துகளுக்காக நிற்கும் கூட்டம் சாலை ஓரம் வரை நீள்கிறது. 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ருயிருவில் 3,71,111 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இருப்பவர் ஒரே ஒரு தொகுதி உறுப்பினர்.

அதே கணக்கெடுப்பில் இந்தியப் பெருங்கடலோரம், சோமாலிய எல்லையை ஒட்டிய லாமு கிழக்கில் 22,258 பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஓர் உறுப்பினர். வகுத்துப் பார்த்தால், அவையில் லாமு கிழக்குக்காரர் ஒருவருக்கு இருக்கும் எடை ருயிருக்காரர் பதினாறு பேருக்கும் மேலானது.

இந்த எண்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அநியாயம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. கென்ய நாளிதழ்களில் அப்படி எழுதுபவர்கள் உண்டு. ஆனால் லாமு கிழக்கின் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்தவருக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றாது. ஃபாஸா, கியுங்கா, பசுபா என்று மூன்றே வட்டங்கள், அதாவது வார்டுகள், கொண்ட தொகுதி அது. ஃபாஸாவும் கிசிங்கிட்டினியும் சியுவும் பாட்டே தீவில் இருக்கின்றன. அங்கே போக லாமு நகரத்திலிருந்து படகேற வேண்டும். சதுப்புக்காட்டுக் கால்வாய்களில் ஏற்றநீர் இருக்கும்போதுதான் படகு தட்டாமல் போகும். பசுபா பகுதியின் காட்டுக்குள் வாழும் அவேர் மக்கள் தொகையில் மிகச் சிறிய, வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்துவந்த இனத்தவர். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களால் சாலைப் பயணமே ஆபத்தான பகுதி அது. தேர்தல் நாளில் வாக்குப்பெட்டி படகிலும் ஹெலிகாப்டரிலும் போகவேண்டிய ஓர் இடத்தை, எண்ணிக்கை போதவில்லை என்று பக்கத்திலிருக்கும் லாமு மேற்குடன் சேர்த்துவிட்டால், அங்கே பெரும்பான்மையாக இருக்கும் நிலப்பகுதி விவசாயிகளின் வாக்கே எப்போதும் முடிவு செய்யும். தீவுக்காரரின் பேச்சை எடுத்துச் சொல்ல அவையில் ஆளே இராது.

கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே பிரிவுக்குள் வைத்திருக்கிறது. 89ஆம் பிரிவு, தொகுதிகள் 290 என்று எண்ணிக்கையை உறுதி செய்கிறது. நாட்டில் வசிப்போர் தொகையை 290ஆல் வகுத்தால் வருவது ஒரு தொகுதிக்கான சராசரி. 2019 கணக்கின்படி மக்கள்தொகை 4,75,64,296. ஆகவே சராசரி ஏறத்தாழ 1,64,000. ஒவ்வொரு தொகுதியும் கூடுமானவரை இந்தச் சராசரியை ஒட்டி இருக்கவேண்டும். ஆனால் பெருநகரங்களிலும் மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிகளிலும் 40 விழுக்காடு வரையிலும், மற்ற இடங்களில் 30 விழுக்காடு வரையிலும் கூடவோ குறையவோ செய்யலாம். நில அமைப்பு, நகர மையங்கள், ஒரே நலன் கொண்ட சமூகங்கள், வரலாறு, பொருளாதாரம், பண்பாட்டுப் பிணைப்பு, போக்குவரத்து வசதி ஆகியவற்றைக் கருதி எல்லை போடவேண்டும். எட்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாமலும் ஒருமுறை எல்லாவற்றையும் மறுஆய்வு செய்யவேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வாக்காளர் எண்ணிக்கையை அல்லாமல் வசிப்போர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டதுதான். குழந்தைகளும், அடையாள அட்டை கிடைக்காமல் அலையும் இளைஞர்களும், என்னைப் போல் வாக்கில்லாத வெளிநாட்டவரும்கூட அந்த எண்ணில் அடக்கம். உறுப்பினர் என்பவர் தமக்கு வாக்களித்தவருக்கு மட்டுமல்லாமல் தம் எல்லைக்குள் வாழும் எல்லோருக்குமானவர் என்பதைச் சட்டம் இந்த ஒரு கணக்கிலேயே சொல்லிவிடுகிறது.

நைரோபிக்கு இது பெரிதும் பொருந்தும். இங்கே வாடகை வீட்டில் வாழ்ந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களில் பலர் தங்கள் வாக்கைச் சொந்த ஊரில்தான் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு கிசுமுவுக்கும் காகமேகாவுக்கும் மேருவுக்கும் பேருந்தேறிப் போகிறார்கள். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் இரவு முழுவதும் பயணம் செய்து ஊருக்குப் போய் வாக்களித்துவிட்டு வருவார்; தாம் குடியிருக்கும் தெருவின் சாக்கடைக்குப் பொறுப்பான உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. அப்பா புதைக்கப்பட்ட நிலம் இருக்கும் இடம்தான் தம் தொகுதி என்பார். அந்த உணர்வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் விளைவு, நகரத்தின் நெருக்கடி வாக்காளர் பட்டியலில் முழுதாகத் தெரிவதேயில்லை.

இந்தக் கோணல்கள் இன்று நேற்று வந்தவை அல்ல. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் சட்டமன்றத்துக்கு ஐரோப்பியர், ஆசியர், அரபியர் என இனவாரியாகத் தேர்தல் நடந்தபோது ஆப்பிரிக்கர்களுக்குத் தேர்தலே இல்லை. 1944இல் எலியுத் மாத்து நியமன உறுப்பினராகத்தான் உள்ளே போனார். 1957 மார்ச்சில் முதன்முறையாக எட்டு ஆப்பிரிக்கர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்: டாம் ம்போயா, ஒகிங்கா ஒடிங்கா, ரொனால்டு ங்காலா, டேனியல் அராப் மோய் முதலியோர். அந்தத் தேர்தலில் கல்வி, வருமானம், சொத்து, பணிக்காலம் ஆகிய தகுதிகளைப் பொறுத்து ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று வாக்குகள் வரை தரப்பட்டன. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சி நடந்த பகுதியைச் சேர்ந்த கிக்குயு, எம்பு, மேரு மக்கள் வாக்களிக்க வேண்டுமானால் அரசுக்கு விசுவாசமானவர் என்ற சான்றிதழ் வேண்டும். யாருடைய வாக்கு எவ்வளவு எடை கொண்டது என்பதை ஆட்சியாளர் முடிவு செய்யும் பழக்கம் விடுதலைக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

1963இல் விடுதலை அடைந்தபோது கீழவையில் 117 தொகுதிகளும் மேலவையான செனட்டில் 41 இடங்களும் இருந்தன. 1966இல் செனட்டைக் கலைத்தார்கள். ஆனால் 41 செனட்டர்களும் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கும் இடம் கிடைக்கும்படி புதிய தொகுதிகள் உண்டாக்கப்பட்டு மொத்தம் 158 ஆனது. இந்தச் செய்தியில் நான் நீண்ட நேரம் நின்றேன். மக்கள்தொகை கூடியதால் தொகுதிகள் கூடவில்லை. இருக்கும் உறுப்பினர்களுக்கு இடம் வேண்டியிருந்ததால் கூடின. 1988 தேர்தலுக்கு 188ஆகவும், 1997 தேர்தலுக்கு 210ஆகவும் எண்ணிக்கை உயர்ந்தபோதும் எங்கே கூட்டுவது என்பதை ஆட்சியில் இருந்தவர்களின் வசதியே பெரும்பாலும் தீர்மானித்தது.

1988ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி மூத்த கென்யர்கள் இன்றும் கசப்போடு பேசுகிறார்கள். கானு ஒன்றே சட்டப்படியான கட்சியாக இருந்த காலம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ரகசிய வாக்கு இல்லை. வேட்பாளரோ அவருடைய முகவரோ படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆதரிப்பவர்கள் அவர் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும். ம்லோலோங்கோ என்று அதற்குப் பெயர். எழுபது விழுக்காட்டுக்கு மேல் பெற்றவர் பொதுத் தேர்தலைச் சந்திக்காமலேயே வென்றவராக அறிவிக்கப்பட்டார். நீண்ட வரிசை தோற்றதாகவும் குட்டை வரிசை வென்றதாகவும் அறிவிக்கப்பட்ட இடங்கள் பல. முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, ஊர்த் தலைவர் பார்த்துக்கொண்டிருக்க, தன் மனத்துக்குப் பிடித்தவர் பின்னால் போய் நிற்பதற்கு ஓர் ஏழைக் குடியானவருக்கு எத்தனை துணிவு வேண்டியிருந்திருக்கும்!

1991 டிசம்பரில் பல கட்சி முறை திரும்பியது. ஆனால் 1992இல் தேர்தல் நடந்தது அந்த 188 பழைய தொகுதிகளில்தான். மோய் ஏறத்தாழ 36 விழுக்காடு வாக்கு மட்டுமே பெற்று மீண்டும் குடியரசுத் தலைவரானார். கென்னத் மட்டிபா, ம்வாய் கிபாகி, ஒகிங்கா ஒடிங்கா என்று எதிர்ப்பு மூன்றாகப் பிரிந்திருந்தது. மோயின் கானு கட்சிக்கோ 188இல் 100 இடங்கள். குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரையும் சேர்த்து அவையில் வலுவான பெரும்பான்மை. எதிர்க்கட்சிகளின் வாக்கு நைரோபியிலும் மத்திய மாகாணத்திலும் மக்கள் நெருக்கமாக வாழும் பெரிய தொகுதிகளில் குவிந்து கிடந்தது. கானுவின் வாக்கு பிளவுப் பள்ளத்தாக்கிலும் வடகிழக்கிலும் மக்கள் குறைந்த தொகுதிகளில் பரவிக் கிடந்தது. வாக்குப்பெட்டியில் யாரும் கைவைக்காமலேயே, எல்லைக்கோட்டினால் மட்டும் ஒரு முடிவைப் பாதி எழுதி வைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்நாட்டு வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

2007 டிசம்பர் தேர்தலுக்குப்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்த வன்முறையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஓய்வுபெற்ற நீதிபதி யோஹான் கிரீக்லர் தலைமையிலான விசாரணைக் குழு 2008இல் தந்த அறிக்கை, தொகுதிகளுக்கு இடையிலிருந்த பெரும் ஏற்றத்தாழ்வையும் குறையாகச் சுட்டியது. அன்று நைரோபி முழுமைக்கும் எட்டே தொகுதிகள். அவற்றுள் ஒன்றான எம்பகாசியில் மட்டும் 2009 கணக்கின்படி ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். புதிய அரசியலமைப்புச் சட்டத்தின்கீழ் 80 தொகுதிகள் கூடி 290 ஆனபோது நைரோபிக்கு 17 கிடைத்தன. எம்பகாசி ஐந்தாகப் பிரிந்தது. லங்காட்டாவிலிருந்து கிப்ரா தனியாயிற்று. ஆண்ட்ரூ லிகாலே தலைமையிலான எல்லை ஆணையம் தொடங்கிய அந்த வேலை உறுப்பினர்களின் கூச்சலிலும் வழக்குகளிலும் சிக்கி, பின்னர் வந்த தேர்தல் ஆணையத்தின் கையில்தான் முடிந்தது. எல்லைகளை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் குவிந்தன.

அந்தத் திருத்தத்தில் ஒரு சமரசம் இருந்தது. முதல் மறுவரையறையில் ஏற்கெனவே இருந்த எந்தத் தொகுதியும் இல்லாமற்போகக் கூடாது என்று அரசியலமைப்பின் இடைக்கால விதி காப்புறுதி தந்தது. சராசரியை எட்டாத 27 தொகுதிகள் அப்படிப் பிழைத்தன. லாமு கிழக்கும், மார்சபிட்டில் பாலைவனமாய் விரிந்து கிடக்கும் வடக்கு ஹோரும் அவற்றில் உண்டு. நையேரி மலைச்சரிவில் தேயிலையும் காப்பியும் விளையும் டெட்டுவும் ஒத்தாயாவும் உண்டு. ஒத்தாயா கிபாகியின் தொகுதி. டெட்டு வாங்காரி மாத்தாய் 2002இல் வென்ற தொகுதி. இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வடக்கு ஹோரில் ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்ததற்கு ஒரு நாள் பயணம் ஆகலாம். அங்கே சிறிய எண்ணிக்கைக்குத் தனி உறுப்பினர் கொடுப்பதற்குத் தூரமே காரணம். டெட்டுவில் 2019இல் ஏறத்தாழ 80,000 பேர். தார்ச் சாலை உண்டு. நையேரி நகரம் பக்கத்திலேயே. அண்டைத் தொகுதிக்காரர் பேசுவதும் அதே மொழி, பயிரிடுவதும் அதே பயிர். மக்கள் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம், அங்கிருந்த பிள்ளைகள் வேலை தேடி ருயிருவுக்கும் நைரோபிக்கும் வந்துவிட்டதுதான். அவர்கள் வந்துசேர்ந்த ஊருக்கு அவையில் இடம் கூடாமல், விட்டுவந்த ஊரின் இடம் மட்டும் அப்படியே இருப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

எண்ணிக்கைக்கு அப்பால் இருக்கும் நியாயத்தை எனக்குப் புரியவைத்தது இல் சாமுஸ் மக்களின் வழக்கு. பாரிங்கோ ஏரிக்கரையில் மாடு மேய்த்தும் பயிரிட்டும் வாழும், மாசாய் மக்களின் மொழியான ‘மா’ பேசும் சிறுபான்மையினர் அவர்கள். அவர்கள் இருந்தது பாரிங்கோ மத்தியத் தொகுதியில், மோய் பல பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த தொகுதி. சுற்றிலும் துகென் மக்கள் பெரும்பான்மை. ஆகவே வாக்குரிமை இருந்தும், வேட்பாளர் நிற்க உரிமை இருந்தும், நாற்பது ஆண்டுகளில் இல் சாமுஸ் இனத்தவர் ஒருவரும் நாடாளுமன்றத்துக்குப் போனதில்லை. 2004இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்களுக்குத் தொகுதி வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சிறுபான்மையினர் தங்கள் வாழ்வைப் பற்றிய முடிவுகளில் பங்கேற்கவும் செல்வாக்குச் செலுத்தவும் உரிமை உடையவர்கள் என்றும், அடுத்த எல்லை மறுஆய்வின்போது தேர்தல் ஆணையம் இதைக் கருத வேண்டும் என்றும் சொன்னது. 2012இல் பாரிங்கோ தெற்கு என்ற புதிய தொகுதி பிறந்தது. மாரிகாட், இல் சாமுஸ், மோசோங்கோய், முகுட்டானி ஆகியவை அதன் வட்டங்கள். அங்கேயும் அவர்கள் பலருள் ஒரு பிரிவினர்தான். எனினும் வேட்பாளர் எவரும் அவர்களைத் தாண்டிக்கொண்டு போய்விட முடியாத எண்ணிக்கையில் இருக்கிறார்கள். தனித் தொகுதி என்பதைவிட இதுவே சரியான தீர்வு என்று நான் நினைக்கிறேன். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தொகுதி என்று போனால் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் நாட்டில் எல்லைக்கோடு வேலியாகிவிடும். யாருடைய வாக்கும் வீணாகாதபடி கோடு போடுவது வேறு.

இவ்வளவு பேர் இவ்வளவு கடுமையாக எல்லைக்காகப் போராடுவதற்கு இன்னொரு காரணம் பணம். 2003இல் ஒல் கலோவ் உறுப்பினர் முரியுகி கருவே முன்னெடுத்த சட்டத்தால் தொகுதி மேம்பாட்டு நிதி உருவானது; அரசு வருவாயில் 2.5 விழுக்காடு தொகுதிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தொடக்கத்தில் தொகுதிக்கு 60 லட்சம் ஷில்லிங். கென்யாவின் எந்தக் கிராமத்துப் பள்ளிக்குப் போனாலும் வகுப்பறைச் சுவரில் இந்த நிதியின் பெயரும் தொகுதியின் பெயரும் பெரிய எழுத்தில் வண்ணத்தில் எழுதியிருக்கும். மேல்நிலைப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும் தொகுதி அலுவலகத்தின் வாசலில்தான். விண்ணப்பத்தில் ஊர்த் தலைவரின் முத்திரை வேண்டும், பள்ளியின் கட்டண விவரம் வேண்டும், தாய் தந்தை இறந்திருந்தால் சான்றிதழ் வேண்டும். இவ்வளவும் கொண்டுபோய்க் கொடுத்தபின் கிடைப்பது பலருக்கு ஒரு பருவத்துக் கட்டணத்தின் ஒரு பகுதியே.

நிதியின் பெரும்பகுதி எல்லாத் தொகுதிக்கும் சமமாகவே பிரிக்கப்படுகிறது. 2019–20 நிதியாண்டில் தொகுதிக்கு ஏறத்தாழ 13.7 கோடி ஷில்லிங். லாமு கிழக்கில் ஆளுக்கு ஆறாயிரத்துக்கும் மேல். ருயிருவில் ஆளுக்கு முந்நூற்று எழுபது. சிறிய தொகுதியை இழக்கப்போகிறோம் என்று கேட்டதும் ஊரே திரண்டு எதிர்ப்பது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். அவர்கள் பயப்படுவது அவையில் ஒரு நாற்காலி போய்விடுமே என்று மட்டுமல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போய்விடுமே என்றுதான். ஆகவே தொகுதிகளைச் சரிசெய்ய விரும்புகிறவர்கள் முதலில் இந்தப் பணத்தைத் தொகுதிக் கோட்டிலிருந்து அவிழ்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டண உதவி, வறுமையையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்து நேராகப் பள்ளிக்குப் போகட்டும். சட்டம் இயற்ற வேண்டியவர் வகுப்பறையும் கட்டிக் காசோலையும் கொடுத்துக்கொண்டிருந்தால், அவரைச் சட்டத்துக்காக யார் கேள்வி கேட்பார்கள்? 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், இந்தத் தொகுதி மேம்பாட்டு நிதிக்கான சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்கு உறுப்பினர்கள் தந்த விடை, நிதியை அரசியலமைப்புக்குள்ளேயே எழுதிவிடும் திருத்தத்தை 2025 ஜூலையில் பெரும்பான்மையோடு தேசியப் பேரவையில் நிறைவேற்றியதுதான். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

எண்ணிக்கையை நம்பித்தான் எல்லாம் நடக்கவேண்டும் என்றால், எண்ணிக்கையையே நம்பமுடியாத பகுதிகள் என்ன செய்யும் என்பது வடக்கின் கேள்வி. 2009 கணக்கெடுப்பில் மண்டேரா, வஜீர், கரிசா, துர்கானா பகுதிகளைச் சேர்ந்த எட்டு மாவட்டங்களின் எண்கள் நம்பமுடியாத அளவு கூடியிருப்பதாகச் சொல்லி அரசு அவற்றை ரத்து செய்தது. பின்னர் நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது. இடம்விட்டு இடம் சென்று கால்நடை மேய்க்கும் மக்களை எண்ணுவது உண்மையிலேயே கடினம். எல்லையோரக் குடும்பங்கள் இருபுறமும் உறவினர் உள்ளவை. ஆனால் வடக்கத்தியர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தங்களை ஒழுங்காக எண்ணாமல் விட்ட காலத்தில் யாரும் கேட்கவில்லை, எண்ணிக்கை கூடியதும்தான் சந்தேகம் வருகிறது என்கிறார்கள்.

உறுப்பினர் எண்ணிக்கையை இன்னும் கூட்டினால் யாரும் எதையும் இழக்கவேண்டாமே என்ற யோசனையும் வந்தது. அன்றைய குடியரசுத் தலைவர் உஹுரு கென்யாட்டாவும் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவும் முன்வைத்த அரசியலமைப்புத் திருத்தத்தில் 70 புதிய தொகுதிகள் சேர்க்கப்பட்டு, மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவான கவுண்டிகளில் எதற்கு எத்தனை என்ற அட்டவணையும் இணைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம், மக்களின் கருத்தைக் கேளாமல் சேர்க்கப்பட்ட அந்த அட்டவணை செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு. சுயேச்சையான ஆணையம் ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டுப் போடவேண்டிய கோட்டை இரண்டு தலைவர்கள் தங்களுக்குள் பேசிப் போட்டுக்கொண்டால் 1966க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பெண்களின் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தனியாக எழுதப்பட வேண்டியது. 1969இல் கிசுமு நகரத்திலிருந்து கிரேஸ் ஒன்யாங்கோ முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 தேர்தலில் 290 தொகுதிகளில் பெண்கள் வென்றவை 29. கவுண்டிக்கு ஒருவர் என்று பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட 47 இடங்களைச் சேர்த்தும், எந்தப் பாலினத்தவரும் மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அரசியலமைப்பின் விதி நிறைவேறவில்லை. அந்த விதியை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை இயற்றத் தவறியதற்காக நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி 2020 செப்டம்பரில் தலைமை நீதிபதி டேவிட் மராகா குடியரசுத் தலைவருக்கு அறிவுரை தந்தார், அவை கலைக்கப்படவில்லை.

இப்போது நிலவரம் என்ன? 2012 மார்ச்சிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் 2024 மார்ச்சில் முடிந்துவிட்டன. அன்று எல்லையை மறுஆய்வு செய்யவேண்டிய தேர்தல் ஆணையத்தில் ஆணையர் ஒருவர்கூட இல்லை. 2022 தேர்தல் முடிவை ஒட்டி ஆணையம் இரண்டாகப் பிளந்து, நால்வர் விலகியும் நீக்கப்பட்டும் போக, தலைவர் வஃபுலா செபுகாட்டியும் மற்ற இருவரும் 2023 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து சென்றனர். அதன்பின் அரசியல் பேச்சுவார்த்தைகளிலும் வழக்குகளிலும் இரண்டரை ஆண்டுகள் கழிந்து, எராஸ்டஸ் எதெகோன் தலைமையில் புதிய ஆணையர்கள் பதவியேற்றது 2025 ஜூலையில். பொதுத் தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. தேர்தலுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே மறுவரையறை முடிந்திருந்தால்தான் புதிய எல்லை அந்தத் தேர்தலுக்குச் செல்லும் என்பது சட்டம். அப்படியானால் ஆணையத்துக்குக் கிடைத்த காலம் ஓராண்டும் ஏறத்தாழ ஒரு மாதமும். அதற்குள் 290 தொகுதிகளும் 1,450 வட்டங்களும், மக்கள் கருத்துக் கேட்பும், வழக்குகளும். முடியக்கூடிய வேலையல்ல.

ஆகவே 2009இல் எண்ணப்பட்ட மக்களுக்காக வரைந்த கோடுகளிலேயே 2027இலும் ஒரு நாடு வாக்களிக்கப்போகிறது. ஆணையர் பதவிகள் காலியாகக் கிடந்த ஒவ்வொரு மாதத்தையும் அலுவலகத் தாமதம் என்று எடுத்துக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. அதனால் நன்மை அடைந்தவர்கள் உண்டு: சராசரிக்குக் கீழே இருக்கும் தொகுதிகளின் உறுப்பினர்கள் எவருக்கும் 2027க்குமுன் தொகுதி போகாது. நட்டமடைந்தவர்கள் இன்னும் தெளிவாகத் தெரிகிறார்கள். 2019 எண்ணின்படியே, நாற்பது விழுக்காட்டு விலக்கு முழுவதையும் கொடுத்தாலும் ஒரு தொகுதியில் 2,29,000 பேருக்குச் சற்று மேல்தான் இருக்கலாம். ருயிரு அதைத் தாண்டி ஒன்றரை லட்சத்துக்கு அருகில் நிற்கிறது. பக்கத்து ஜுஜாவில் மூன்று லட்சம். நைரோபியின் 17 தொகுதிகளின் சராசரியே 2,58,000. மூன்று சதுர கிலோமீட்டருக்குள் இரண்டு லட்சம் பேர் நெருங்கி வாழும் மத்தாரே, தகரக் கூரைகளுக்கு நடுவே ஒரே ஓர் உறுப்பினரோடு, வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

என்னால் முடிந்தது ஒன்று உண்டு. அலுவலகத்தில் என்னுடன் இருப்பவர்களிடம், இனியேனும் வாக்கைத் தாங்கள் குடியிருக்கும் இடத்தில் பதிவு செய்யும்படி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது வந்தாலும் ருயிருவிலிருந்து மனுவோடு போகிறவர்கள் அவர்களாக இருக்கவேண்டும். போன முறை குவிந்த மனுக்கள் எல்லைகள் சிலவற்றை மாற்றவும் செய்தன. இரண்டு பேர் வாக்காளர் பதிவை மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் பேருந்தேறும் அந்த நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.